அழுக்கை அடையாளம் வைத்தவர்

சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை இரண்டு விரலில் பிடித்து, அப்பா தொட்டித் தண்ணீருக்குள் விட்டார். காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்ததுபோல் தொட்டி சீறியது. தாளை வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஊசியால் குத்தியதுபோல் அதில் ஓட்டைகள். வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது.

"தண்ணிக்குக் கோவம் வந்துருச்சு. போடு பாப்பா."

நான் கம்பிக் கூடையை இறக்கினேன். அதற்குள் இரண்டு பழைய துப்பாக்கிகளின் குதிரைத் தகடுகள், பிரித்துப் போட்டபடி கிடந்தன. துப்பாக்கியின் பக்கவாட்டில் பதியும் இரும்புத் தகடு அது. வெளியே, அடித்து வெடிக்கவைக்கும் குதிரை; உள்ளே பட்டை வில், குதிரையைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு கொண்டி, அவற்றை இறுக்கும் திருகாணிகள். ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. புதன்கிழமை அவர் இறந்துபோனார்.

பெயர் மாரிச்சாமி. ரங்கூனில், தாமுவே சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் எல்லோருக்கும் அவர் ஊ மாரி; 'ஊ' என்பது பர்மாவில் பெரியவர் பெயருக்கு முன்னால் வரும் மரியாதை. கடையின் பலகையில் பர்மிய எழுத்தில் 'கழுவித் தரப்படும்' என்று மட்டும் இருக்கும். எதை என்று இருக்காது. மூக்குக்கண்ணாடி, மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர், தங்கச் சங்கிலி, தையல் எந்திரத்தின் ஊசித்தண்டு என எது வந்தாலும் தொட்டிக்குள் போகும். சங்கிலி கொண்டுவரும் பெண்களுக்கு, கழுவிய பிறகு தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காட்டுவார். "பாருங்க, இதத்தான் இம்புட்டு நாளா கழுத்துல போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கெல்லாம் போயிருக்கீங்க." யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. அடுத்த முறை மாமியாரின் சங்கிலியையும் கொண்டுவருவார்கள், அந்தத் தண்ணீரைப் பார்ப்பதற்காக.

பல் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. மூடிவிட்ட ஒரு கிளினிக்கிலிருந்து அந்த அல்ட்ராசோனிக் தொட்டியை அவருக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் உண்டாகி உடையும்போது, அந்த அதிர்ச்சி இடுக்கில் ஒட்டியிருக்கும் அழுக்கை உடைத்து எடுக்கிறது என்று விளக்கினேன். முழுவதையும் நின்றபடி கேட்டார். "ஆமா, தண்ணிக்குக் கோவம் வருது" என்றார். அதன்பிறகு எனக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தொட்டி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் வெள்ளித்தாள் சோதனையை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். சிகரெட்டை விட்டு வெகுகாலம் ஆயிருந்தது. தேநீர்க்கடையில் காலிப் பெட்டி கிடந்தால் குனிந்து எடுத்து, தாளை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அப்படிக் குனியும்போது பையிலிருந்து ஏதாவது ஒன்று விழும். அம்மா தனபாக்கியம் அவருடைய எல்லாச் சட்டைப் பைக்கும் ஒரு பொத்தான் தைத்துவிட்டாள். அவர் அதைப் போட்டதே இல்லை.

அவர் உட்காரமாட்டார். தேநீர் நின்றபடிதான். மொஹிங்கா மீன்சாற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்தபடியே குடித்து முடிப்பார். பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்கார்வார்; பாதி வழியில் எழுந்து கதவருகே போய் நிற்பார். கடையில் இருந்த ஒரே முக்காலி வாடிக்கையாளர்களுக்கு. "உக்காருங்களேன், பாக்குற எங்களுக்குக் காலு வலிக்குது" என்று அம்மா சொல்வாள். "மீ வந்துட்டா?" என்பார். மீ என்றால் மின்சாரம். கோடையில் அது எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு மாடி பல்பை நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். வந்த நொடியில் சந்து முழுக்க "மீ லாபி!" என்று கத்தும். அப்பா அதற்குள் சுவிட்சின் மேல் கை வைத்திருப்பார்.

துப்பாக்கி வேலை ஜெயம்மாவால் வந்தது. ஆற்றைத் தாண்டி, தன்லியினுக்கு அப்பால் வயலுக்கு நடுவில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் சாமி புறப்படும்போது அங்கே ஒரு வேட்டு உண்டு. போலீஸ் அனுமதியோடு, குண்டு இல்லாமல், வெறும் கருமருந்து மட்டும் கெட்டித்து ஒரு பழைய துப்பாக்கியால் சுடுவார்கள். ஜெயம்மாவின் கணவர் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு கோயில் ஆண்கள் யார் சுடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ஜெயம்மா துப்பாக்கியை எடுத்து மருந்தைக் கெட்டித்துச் சுட்டுவிட்டாள். அன்றிலிருந்து அது அவள் வேலை.

சுடுவது எளிது. சுட்ட பிறகு கழுவுவதுதான் பாடு. கருமருந்து எரிந்த கசடு உப்பு மாதிரி. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ரங்கூன் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. குழலை வெந்நீர் ஊற்றிக் குச்சியால் தேய்த்துக் கழுவிவிடலாம். தகட்டின் உள்ளே, வில்லுக்கும் கொண்டிக்கும் நடுவில் இருக்கும் இடுக்குக்கு எந்தக் குச்சியும் போகாது. அங்கே தொட்டி போகும்.

இந்த வருடம் ஜெயம்மா சந்தைக் கூடையில் வாழைப்பூவுக்கு அடியில் துணியில் சுற்றிய தகட்டை மட்டும் கொண்டுவந்தாள். துப்பாக்கி எப்போதும் கோயிலை விட்டு வெளியே வராது. அப்பாவை அவள் சயா, அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவாள்.

"சயா, இதக் கொஞ்சம் பாருங்க. குதிரைய இழுத்தா எங்க மாமியா மாதிரி மொறைக்குது, நகர மாட்டேங்குது."

"ஜெயம்மாக்கா, போன வருசம் சுட்ட அன்னைக்கே கழட்டிக் கொண்டாங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. அன்னைக்கு ரெண்டு காலும் வீங்கிக் கெடந்துச்சு. துப்பாக்கியக் கழுவவா, காலக் கழுவவா?"

"ரெண்டையும் கொண்டாந்துருக்கலாம்ல. தொட்டி பெருசுதான்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. வெள்ளிக்கெழம திருவிழா. அதுக்குள்ள குடுத்துருங்க."

தகட்டை வாங்கும்போதே அப்பாவின் முகம் மாறிவிடும். விளையாட்டு போய்விடும். குதிரையைப் பாதிக்கு இழுத்தால் அது அங்கேயே நிற்க வேண்டும். முழுக்க இழுத்தால்தான் விசைக்கு விழ வேண்டும். மருந்து கெட்டித்த துப்பாக்கியில் குதிரையைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் ஜெயம்மா குனிந்து, தீப்பொறி தரும் கேப்பைத் துப்பாக்கியின் மூக்கில் மாட்டுவாள். "அந்த நேரம் கொண்டி நழுவுச்சுன்னு வெய்யி, வெரலும் போச்சு, கண்ணும் போச்சு. அந்தம்மா பக்கத்துல தேங்கா வெச்சுக்கிட்டு ஊரே நிக்கும்." இதை ஒவ்வொரு முறையும் என்னிடம் சொல்வார், முதல்முறை சொல்வதுபோல.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்குப் போன இரண்டாவது தகடு ஜாபிருடையது. ஜாபிர் சினிமாக்காரர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுபவர். அவரிடம் இருந்த பழைய துப்பாக்கியும் ஜெயம்மாவுடையதும் ஒரே காலத்து, ஒரே பட்டறைச் சரக்கு. தகடு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் திருகாணிகளை மாற்றிப் போடக் கூடாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் துளைக்குத் தகுந்தபடி கையால் அராவியிருக்கிறார்கள். ஒன்று மயிரிழை நீளம், ஒன்று மயிரிழை குட்டை.

எப்போதும் அப்பா ஒரு தகட்டுக்கு ஒரு டீ வடிகட்டி என்று பிரித்துப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கழுவுவார். அன்றைக்கு எதிர்வீட்டு பல்பு இரண்டுமுறை கண் சிமிட்டியது. மின்சாரம் போகப்போகிறது. இரண்டு தடவை ஓட்ட நேரம் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் கவிழ்த்தார்.

"கலந்துராதாப்பா?"

"கோயிலுது அட்டக்கரி. ஜாபிர் பாயுது மாநெறம். கண்ண மூடிக்கிட்டுப் பிரிப்பேன்."

தொட்டி சீறியது. தண்ணீர் முதலில் புகைந்தது, பிறகு கறுத்தது. அழுகிய முட்டை வாடை கடையைத் தாண்டி அடுப்படிக்குப் போனது. உள்ளிருந்து அம்மாவின் குரல்.

"என்ன, வேட்டு வெந்துருச்சா? எறக்கி வெச்சா நான் கொழம்பு வெப்பேன்."

"இன்னும் ஒரு கொதி."

"உங்களக் கட்டுனதுக்கு ஒரு ஓட்டல்காரனக் கட்டியிருக்கலாம்."

மணி அடித்துத் தொட்டி நின்றது. அப்பா கூடையைத் தூக்கினார். தண்ணீர் வடிந்தது. கூடைக்குள் இருந்த எல்லாமே ஒரே வெள்ளை. கரியும் இல்லை, மாநிறமும் இல்லை. அழுக்கை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதை அழுக்கெடுக்கும் தொட்டியில் போட்டிருக்கிறார்.

"அட" என்றார். கூடையை ஒருமுறை குலுக்கினார். "அட, கூறுகெட்டவனே." தன்னைத்தான். பிறகு சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் மின்சாரம் போனது.

அதன்பிறகு ஓட்டம். தொட்டியிலிருந்து வந்த இரும்பு நிர்வாணமாக இருக்கும்; எண்ணெய்ப் பசை ஒரு துளிகூட மிஞ்சாது. காற்று பட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மஞ்சளாகப் பூக்கும். வழக்கமாகக் காயவைக்கும் தலைமுடி உலர்த்தும் எந்திரம் மின்சாரம் இல்லாமல் ஓடாது. அப்பா கூடையோடு அடுப்படிக்குள் பாய்ந்தார். கொதிக்கும் உலைநீரில் எல்லாவற்றையும் ஒரு முக்கு முக்கி எடுத்து, தோசைக்கல்லில் பரப்பினார். சூடேறிய இரும்பு தானே காய்ந்தது. "அந்தக் கல்லுல நான் இனி தோச சுடணுமா?" என்று அம்மா கேட்டாள்; கேட்டுக்கொண்டே கரண்டியால் திருகாணிகளைப் புரட்டிவிட்டாள். நான் ஒவ்வொன்றாக எண்ணெயில் போட்டேன். அப்பா ஒவ்வொன்றையும் எடுத்து வாயருகே வைத்து ஊதுவார். மூச்சின் ஈரம் இரும்பின்மேல் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் பிடித்திருக்கிறது. படலமாகப் படர்ந்தால் பிடிக்கவில்லை.

திருகாணிகளை விரல் நுனியால் உருட்டி உருட்டிப் பிரித்தார். ஒவ்வொன்றும் தன் துளையில் இறங்கியது. இரண்டு குதிரைகளும் பாதியில் நின்றன, முழுதில் விழுந்தன. பலமுறை இழுத்துப் பார்த்தார். மதியத்துக்கு மேல் ஜெயம்மா வந்து வாங்கிக்கொண்டு, "கண்ணாடி மாதிரி இருக்கு, மொகம் பாத்துப் பொட்டு வெக்கலாம்" என்று சொல்லிவிட்டு தன்லியின் பஸ்ஸுக்குப் போனாள்.

ஜாபிர் வரவில்லை. அவருடைய தகடு மேசைமேல் கிடந்தது. திங்கட்கிழமை முழுக்க அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் குதிரையை ஒருமுறை இழுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து போனபோது, வாசலில் வெளிச்சத்தில் நின்றுகொண்டு தகட்டைக் கண்ணுக்கு நேராகப் படுக்கையாகப் பிடித்திருந்தார்.

"இங்க பாரு."

கொண்டியைப் பிடிக்கும் திருகாணியின் நுனி, தகட்டுக்கு வெளியே நகம் இடறும் அளவுக்கு நீட்டியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். இது இங்கே நீளம் என்றால், ஜெயம்மாவின் தகட்டில் அதே இடத்தில் இருப்பது குட்டை. இரண்டு மூன்று புரியில்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கொண்டி ஆடும். பாதியில் நிற்பதுபோல் நிற்கும்.

போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பவும் போட்டார். வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். செருப்பு தரையில் அறைந்தது. மறுபடி போட்டார்.

"யார்கிட்டயாவது சொல்லிவிடலாமேப்பா. தன்லியின்ல தெரிஞ்சவங்க இல்லையா?"

"சொல்லிவிட்டா? 'சயா தப்பாப் போட்டுட்டாராம்'னு சொல்லுவான். எதத் தப்பாப் போட்டேன்னு அவனுக்குச் சொல்லத் தெரியுமா? நான் மாத்துனத நான்தான் போயி மாத்தணும்."

"இப்பவே போறீங்களா?" என்றாள் அம்மா.

"கடைசி பஸ்ஸு திரும்பி வராது. காலைல மொத பஸ்ஸு. நாளைக்குக் கண்டிப்பாப் போகணும்."

ஜாபிரின் தகட்டிலிருந்து அந்தத் திருகாணியைக் கழற்றினார். நான் கிளம்பும்போதும் நடந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "வெள்ளிக்கெழமைக்கு இன்னும் நாளிருக்கு" என்று சொன்னார். எனக்கா, அவருக்கா தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். விடியும்போதே குளித்துவிட்டார். பஸ்ஸுக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினார். பனியனும் கைலியுமாக நின்றுகொண்டிருந்தபோது சந்து "மீ லாபி!" என்று கத்தியது. கழுவின சாமான்தான், எண்ணெய் போட்ட சாமான்தான். ஆனாலும் இரண்டு நாள் வேறொரு தகட்டில் இருந்திருக்கிறது. அப்படியே கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அந்த ஒரே ஒரு திருகாணிக்காக அதை ஓட்டினார். காயவைத்தார். எண்ணெயில் போட்டு எடுத்து ஊதிப் பார்த்தார். வெள்ளித்தாளில் மடித்து, ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டார். அம்மா தேநீர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

எனக்குப் போன் வந்தபோது நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அழவில்லை. நெஞ்சு வலி என்றோ, மயக்கம் என்றோ சொல்லவில்லை.

"உக்காந்துருக்காரும்மா" என்றாள். "முக்காலியில உக்காந்துருக்காரு."

நான் ஓடினேன்.

அன்று மாலையே எல்லாம் முடிந்தது. ஜாபிர்தான் முன்னால் நின்று வண்டி பிடித்தார், ஆட்களைக் கூப்பிட்டார். நடுவில் ஒருமுறை என்னிடம் வந்து, "என் சாமான் கெடக்கட்டும்மா. நம்மளுது பொய்ச் சண்டைக்குத்தான்" என்றார். ஜெயம்மாவின் போனை நான் அன்றைக்கு எத்தனை தடவை முயன்றேன் என்று தெரியாது. அதே பெண் குரல், அதே பர்மிய வாசகம்.

வியாழக்கிழமை காலையில் அப்பாவின் போன் அடித்தது. ஜெயம்மா.

"சயா, நம்ம ஊர்ல ரெண்டு நாளா மீயே இல்ல. போனு செத்துக் கெடந்துச்சு. இப்பத்தான் பக்கத்து ஊரு போயி உசுரு குடுத்தேன். கூப்டுக்கிட்டே இருந்துருக்கீங்க?"

நான் இன்னார் என்று சொன்னேன். அப்பா இறந்துவிட்டதைச் சொன்னேன். அவள் வாய் திறப்பதற்குள் திருகாணியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். மருந்து போடாதீங்க, குதிரையை ஏத்தாதீங்க, பாதியில நிக்காது, நழுவிரும். மூச்சு விடாமல் சொன்னேன்.

"தெரியும்மா" என்றாள்.

"தெரியுமா?"

"அன்னைக்கு பஸ்ஸுலயே மடியில வெச்சு இழுத்துப் பாத்தேன். நின்னுச்சு. ஒரு தட்டு தட்டுனேன், விழுந்துருச்சு. குதிரையில கயித்தக் கட்டித்தான் வெச்சுருக்கேன். மருந்தத் தொடல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்புடிச் சொல்றது? ஆநாதே." ஒருவருக்குச் சங்கடமாகிவிடுமே என்று வாயை மூடிக்கொள்வதற்கு இந்த ஊரில் அந்த ஒரு சொல் போதும். "வேல தெரிஞ்ச மனுசன்கிட்டப் போயி தப்புன்னு சொல்லவா? அவருக்கே தெரிஞ்சுரும், அவரே ஓடி வருவாருன்னு இருந்தேன். காலு ஒரு எடத்துல நிக்காதே அவருக்கு. நேத்து வந்துருவாருன்னு சோறுகூட ஆக்கி வெச்சேன்."

"நான் கொண்டுவந்து தரேன். கோயிலுக்குள்ள வர மாட்டேன். பஸ் நிக்கிற எடத்துல குடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

"வேணாம்மா. தீட்டு வீட்டுலருந்து வர்ற இரும்பு அம்மன் முன்னாடி வெடிக்கக் கூடாது. பதினாறு கழியட்டும்."

"அப்ப நாளைக்கு வேட்டு?"

"தப்பு அடிப்பாங்க. சங்கு ஊதுவாங்க. அம்மன் என்ன செவிடா? எல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாம். நீ அம்மாவப் பாரு."

வெள்ளிக்கிழமை சாமி புறப்படும் நேரத்துக்குச் சந்தில் மின்சாரம் வந்தது. எல்லோரும் வழக்கம்போலக் கத்தினார்கள். தொட்டியின் சிவப்பு விளக்கு தானாக எரிந்தது. அவர் சுவிட்சை அணைக்காமலே வைத்திருந்திருக்கிறார். நான் போய் அணைத்தேன். தண்ணீர் இன்னும் தெளிவாக இருந்தது.

ஆணியில் தொங்கிய சட்டையை அம்மா துவைக்க எடுத்தாள். பையில் கை விட்டவள், மடித்த வெள்ளித்தாளை வெளியே எடுத்துப் பிரித்தாள். திருகாணி உள்ளங்கையில் உருண்டது. அதை வாயருகே கொண்டுபோய் ஊதினாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஈரம் முத்தாக நின்றதா, படர்ந்ததா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். முந்தானையில் துடைத்து, என்னிடம் எண்ணெய்க் குப்பிக்குக் கை நீட்டினாள். ஒரு சொட்டு விட்டு, அதே தாளில், அதே மடிப்பில் மடித்து வைத்தாள்.

சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். காய்ந்ததும் மறுபடி அதே ஆணியில் மாட்டினாள். வெள்ளித்தாளைப் பைக்குள் போட்டு, பொத்தானைப் போட்டாள்.